பூக்கட்டும் நூலில் அளந்த டொரண்டோ

2023 செப்டம்பரில் ஒரு ராத்திரி, சமையல்கட்டை ஒழித்துப்போட்டுவிட்டு போனில் “சென்னை டொரண்டோ தூரம்” என்று தட்டினேன். டொரண்டோவில் இருக்கும் என் சின்ன மகளுக்கு நவம்பர் கடைசியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். விசா வந்துவிட்டது, டிக்கெட் இன்னும் போடவில்லை. அதற்கு முன்னால் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் 29 வருடம் சமூக அறிவியல் டீச்சராக இருந்தவளுக்குப் புத்தி அப்படித்தான் போகும்.

தூரத்தில் குழப்பம் இல்லை. எங்கே பார்த்தாலும் 13,400 கிலோமீட்டரை ஒட்டித்தான் போட்டிருந்தார்கள். நேரத்தில்தான் ஆளுக்கு ஒரு பதில். ஒரு இடத்தில் 15 மணி நேரம், இன்னொரு இடத்தில் கிட்டத்தட்ட 16, மூன்றாவதில் 17-க்கு மேல். ஒரே தூரத்துக்கு எப்படி மூன்று நேரம் என்று காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்தால் 15 வருகிறது. 850 என்றால் 16-க்குக் கொஞ்சம் குறைவு. 800 என்று வைத்து, ஏற இறங்க ஒரு அரைமணியைச் சேர்த்தால் 17-ஐத் தாண்டுகிறது. அவ்வளவுதான் ரகசியம். இரண்டு விமான நிலையத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, நடுவில் உருண்டைமேல் ஒரு கோடு போட்டு, மனசுக்குத் தோன்றிய வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். அந்த வழியில் அந்த நேரத்துக்குப் போகிற விமானம் ஒன்றுகூடக் கிடையாது. சென்னையிலிருந்து டொரண்டோவுக்கு நேர் விமானமே இல்லை.

மறுநாள் பரணிலிருந்து என் குளோபை இறக்கினேன். பள்ளிக்கூடத்தில் புதுசு வாங்கியபோது கழித்துக்கட்டிய எட்டு அங்குலக் குளோப். அண்டார்டிகா பக்கம் பெயின்ட் போய்விட்டது. சோவியத் யூனியன் இன்னும் ஒரே நாடாக இருக்கிறது. பூக்கட்டும் நூலை எடுத்து முதலில் பூமத்திய ரேகையைச் சுற்றி ஒரு சுற்று சுற்றி, வெட்டி, ஸ்கேலில் வைத்தேன். 64 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 625 கிலோமீட்டர். அப்புறம் ஒரு முனையைச் சென்னைமேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை டொரண்டோவில் வைத்து, தொய்வு இல்லாமல் இழுத்தேன்.

நூல் மேற்கே போகவில்லை. அரபிக்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று சுவர் மேப்பில் கண்ணுக்குப் பழகிய வழியை விட்டுவிட்டு, விறுவிறுவென்று வடக்கே ஏறியது. ராஜஸ்தான், பாகிஸ்தானின் வடக்கு மலைகள், தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா, நார்வேயின் வடகோடி, அப்புறம் கிரீன்லாந்தின் பனிக்கட்டிக்கு நட்டநடுவே இறங்கி, கியூபெக் வழியாக டொரண்டோ. உச்சியில் 73 பாகை வடக்கு வரைக்கும் போய்த் திரும்புகிறது. நூலின் நீளம் இருபத்தொன்றரை சென்டிமீட்டர். பெருக்கினால் 13,400 சொச்சம். போனில் வந்த அதே எண். பூக்காரம்மா கொடுத்த நூலுக்கும் செயற்கைக்கோளுக்கும் பெரிய சண்டை இல்லை.

ஏன் வடக்கே போகிறது என்பதற்குக் காரணம் சுலபம். நாம் கிழக்கே 80 பாகையில் இருக்கிறோம். டொரண்டோ மேற்கே கிட்டத்தட்ட 80. இரண்டுக்கும் நடுவே 160 பாகை. இதுவே 180 ஆக இருந்தால் குறுக்குவழி நேராக வடதுருவத்தின் மேலேயே போகும். 20 பாகை குறைகிறதால் துருவத்தைக் கொஞ்சம் ஒதுங்கிப் போகிறது. இன்னொரு விதமாகவும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பூமத்திய ரேகையில் ஒரு பாகை தீர்க்கரேகைக்கு 111 கிலோமீட்டர். சென்னையில் 108. டொரண்டோ இருக்கும் இடத்தில் 80. அறுபதாவது அட்சரேகையில் பாதிக்குப் பாதி, 55 சொச்சம்தான். ஆரஞ்சுச் சுளை நடுவில் பருத்து நுனியில் ஒல்லியாவதுபோல. நுனிப்பக்கம் போய்க் கடந்தால் நடை மிச்சம்.

இவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்க வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கிலோமீட்டர் என்றால் ஆட்டோவுக்கு. கடல் தாண்டி எங்கே போவதானாலும் கடல் மைலில் சொன்னால்தான் அவருக்குத் தூரம்.

“மைலுல எவ்ளோ வருது?”

ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். வகுத்தேன். 7,230 வந்தது. அதிலும் ஒரு அழகு இருக்கிறது. அட்சரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதுதான் ஒரு கடல் மைல் என்று வைத்தார்கள். ஆக நூல் கடந்து போவது சுமார் 120 பாகை. முழு வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு.

“பதினஞ்சு நாட்டு ஸ்பீடுல போனா இருவது நாளு,” என்றார் உடனே. (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.) “ஆனா இன்னாத்துக்கு? கிரீன்லாந்து மேல கப்பலு எப்டி போவும்?”

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. டொரண்டோ கடலோர ஊர் இல்லையென்றாலும் அங்கே கப்பல் போகும். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் நதிவழியைப் பெரிய கப்பல்களுக்குத் திறந்தார்கள். அட்லாண்டிக்கிலிருந்து ஆறு, கால்வாய் எல்லாம் ஏறி ஒன்டாரியோ ஏரிக்கு வந்துவிடலாம். குளிர்காலத்தில் பனிக்கு மூடிவிடுவார்கள். இதைச் சொன்னதும் அவருக்கு ஊர்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஹார்பர் இருக்கிற ஊரா, அப்ப சரி.

நேர் விமானம் இல்லை என்பதால் எங்கே இறங்கி மாறுவது என்பதுதான் உண்மையான கேள்வி. ஒவ்வொன்றாக நூல் வைத்துப் பார்த்தேன், அப்புறம் போனிலும் சரிபார்த்தேன். பிராங்க்பர்ட் வழியாகப் போனால் 7,600-ம் 6,340-ம் சேர்த்து 13,940. துபாய் வழியாக 2,930-ம் 11,080-ம், ஆக 14,010. மேற்கே போய் வளைகிறது என்று நாம் நினைக்கிற துபாய்கூட நூலைவிட 600 கிலோமீட்டர்தான் அதிகம். ஆச்சரியம் டில்லிதான். சென்னை–டில்லி 1,760, டில்லி–டொரண்டோ 11,640. கூட்டினால் அதே 13,400 வந்து நிற்கிறது. சில பத்துக் கிலோமீட்டர்கூட இருக்கலாம், அவ்வளவுதான். நூலுக்கு 200 கிலோமீட்டர் பக்கவாட்டில் இருக்கிறது டில்லி. இவ்வளவு நீளக் கோட்டில் அந்த ஒதுக்கம் கணக்கிலேயே வருவதில்லை.

ஆனால் கோடு வேறு, வானம் வேறு. என் நூல் ரஷ்யாமேல் போகிறது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு கனடா, ஐரோப்பிய, அமெரிக்க விமானங்களை ரஷ்யா தன் வானத்தில் விடுவதில்லை. நூல் பாகிஸ்தான்மேலும் போகிறது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு அந்த வானமும் மூடியது. டில்லியிலிருந்து மேற்கே போன நம்மூர் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடலைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. வட அமெரிக்காவுக்குப் போன சில விமானங்கள் நடுவில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பின. குளோபில் எல்லைக்கோடுகள் வெறும் சிவப்பு மசி. மேலே போனால்தான் அது சுவர் என்று தெரிகிறது.

நான் அப்போது போனது ஐரோப்பாவில் ஒரு ஊரில் மாறும் விமானத்தில். இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. பிரசவ லேகியம், பருப்புப்பொடி, சுக்கு, சத்துமாவு, பூண்டுத் தொக்கு. சின்னவள் காசிமேட்டு நெத்திலிக் கருவாடு வேணும் என்று கேட்டாள். “பெட்டி முழுக்க நாறும்டி” என்று சொல்லிவிட்டேன். அதை இன்னமும் சொல்லிக்காட்டுகிறாள்.

இனி நேரக்கணக்கு. பள்ளிக்கூடத்து டைரிப் பழக்கம் போகவில்லை, எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன், நம்மூர் நேரத்திலேயே.

தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து ராத்திரி 8.30-க்குக் கிளம்பினோம். விமானம் 1.50-க்கு. விமான நிலையம் சுமார் 25 கிலோமீட்டர். மெட்ரோவில் போயிருந்தால் மாறவே வேண்டாம். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரைக்கும் ஒரே வண்டி, நம்ம தண்டையார்பேட்டையில் ஏறினால் அங்கேதான் இறங்க வேண்டும். ஆனால் இரண்டு பெட்டி, ஒரு கைப்பை, எனக்கு முழங்கால். வாடகைக் கார் வைத்தோம். டி.எச். ரோட்டுக்கு, அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு, வந்ததும் நின்றது. கன்டெய்னர் ட்ரெய்லர் ஒன்றன்பின் ஒன்றாக ஹார்பருக்குள் போகக் காத்திருக்கிறது. நம்ம பகுதியில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிரைவர் தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்று பார்த்தார். இவர் கண்ணாடியை இறக்கி, பெட்டிமேல் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். எது எத்தனை அடி, எது குளிர்பெட்டி என்று எனக்கு விளக்கம் வேறு. மின்ட், சென்ட்ரல், அண்ணா சாலை, கத்திப்பாரா எல்லாம் தாண்டி உள்ளே போகும்போது மணி 10.20. ஒரு மணி ஐம்பது நிமிடம். அந்த நேரத்துக்கு விமானமாக இருந்தால் 1,650 கிலோமீட்டர் போயிருக்கும். டில்லியில் இறங்குகிறோம், சீட் பெல்ட்டைப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பெட்டி எடை போடும் இடத்தில் ஒன்று 24.4 காட்டியது. பின்னால் வரிசை நிற்கிறது. அவசரத்தில் கைக்கு வந்தது தொக்கு பாட்டில். எடுத்துக் கைப்பையில் வைத்தேன். கூட ஒரு பொடி டப்பாவும். எடை சரியாகிவிட்டது. பாதுகாப்புச் சோதனையில் அந்த பாட்டிலைத் தனியே எடுத்து வைத்தார்கள். அங்கே இருந்த பெண்ணுக்குத் தமிழ் வரவில்லை. எனக்கு அந்த அளவுக்கு இந்தி வரவில்லை. “லிக்விட்” என்றார். “ஊறுகாய்” என்றேன். “லிக்விட்” என்றார் மறுபடி. எண்ணெய் மேலே ஒரு விரற்கடை நின்றுகொண்டிருந்தது, மறுப்பதற்கு வழியில்லை. 100 மில்லிக்கு மேல் எதுவும் கையில் கொண்டுபோக முடியாது என்பது எனக்குத் தெரியாத சட்டமும் இல்லை. அரைக் கிலோ பூண்டு உரித்த விரல் அது. மூடியைத் திறக்காமலேயே தொட்டியில் போட்டார். டொங் என்று ஒரு சத்தம். பயணத்தில் எனக்கு அழுகை வந்த இடம் அது ஒன்றுதான், சின்னவளைப் பார்த்தபோதுகூட அப்படி வரவில்லை.

விமானம் கிளம்பி ஏறும்போது ஜன்னலில் பரங்கிமலை எந்தப் பக்கம் என்று தேடினேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. 1802-இல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய நில அளவைக்காரர் அங்கேதான் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு அளந்தார். இரும்புச் சங்கிலியை வைத்து, வெயிலில் சங்கிலி நீளாமல் இருக்க நிழல் கட்டி, துண்டு துண்டாக அளந்தது. அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போய்த்தான் இந்தியா முழுக்க அளந்தார்கள். பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதும் அதன் நோக்கம். இன்றைக்குப் போனில் ஒரு நொடியில் வரும் 13,400 என்ற எண்ணுக்கும் அந்தச் சங்கிலி ஒரு பாட்டன் முறை. வருடா வருடம் இதை வகுப்பில் சொல்லும்போது பின்பெஞ்சில் ஒருத்தி, “வாரத்துக்கு எவ்ளோ டீச்சர் கூலி குடுத்தாங்க?” என்று கேட்பாள். நியாயமான கேள்வி.

முதல் விமானம் 10 மணி நேரம். இந்த 10 மணி என்பதும் பறக்கிற நேரம் இல்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அட்டவணையில் போடும் நேரம், கேட்டை விட்டு வண்டி நகர்ந்ததிலிருந்து அந்த ஊர் கேட்டில் போய் நிற்கும் வரைக்கும். ரன்வேக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். நடு ஊரில் ஐந்து மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் நடந்தே போய்விட்டது. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ரயில் விட்டிருக்கிறார்கள், அவ்வளவு பெரிய கட்டடம். மறுபடியும் சோதனை. இந்த முறை எடுத்துப்போட என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த விமானம் எட்டரை மணி நேரம். திரையில் படம் ஓடுவதைவிட மேப்தான் எனக்குப் பிடித்தது. உயரம் 36,000 அடி, வெளியே மைனஸ் 55 டிகிரி, வேகம் 820. கிரீன்லாந்துக்குத் தெற்கே போனோம். என் நூல் போன இடத்துக்கு வெகு கீழே.

பக்கத்து சீட்டில் பஞ்சாபிப் பையன் ஒருவன். 900-த்தில் போக வேண்டியது ஏன் 820-இல் போகிறது என்று அவனிடம் கேட்டேன். “எதிர்க்காற்று ஆன்ட்டி” என்றான். அதுதான் சரி. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள், குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். மேற்கே போனால் அது மார்பில் மோதும், கிழக்கே வந்தால் முதுகில் தள்ளும். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது அதே இரண்டு துண்டும் 7 மணி 15 நிமிடம், 9 மணி 5 நிமிடம். போனதைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைவு. ஒரு கட்டத்தில் திரையில் 1,050 என்று காட்டியது.

இவருக்கு இதில் இன்றைக்கும் சமாதானமில்லை. “பூமி கெயக்கால சுத்துது இல்ல? நீ மேக்கால போனா அதுவே உன்னாண்ட வரணும். அப்ப சீக்கிரம்தான போவணும்?” என்பார். காற்றும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் நீந்துகிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஓடும் ரயிலில் பந்தைத் தூக்கிப்போட்டால் கைக்குத்தானே வருகிறது என்றேன். “ரயிலு வேற” என்று முடித்துக்கொண்டார்.

டொரண்டோவில் இறங்கியபோது அங்கே பிற்பகல் 3.50. குடியேற்ற வரிசை, பெட்டி, அப்புறம் சாயங்கால நெரிசலில் 401 நெடுஞ்சாலை. அங்கேயும் லாரிதான், ஆனால் ஹாரன் கிடையாது, அதனால் தூக்கம் வந்தது. மாப்பிள்ளை “அத்தை, தூங்காதீங்க, இப்பத் தூங்கினா ராத்திரி முழிச்சிருப்பீங்க” என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். ஸ்கார்பரோ வீட்டு வாசலில் கால் வைத்தபோது 6.45. நம்மூரில் மறுநாள் விடிகாலை 4.15. கூட்டிப் பாருங்கள், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு 31 மணி 45 நிமிடம். போன் சொன்ன 15 மணி நேரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல். இதில் விமானம் அசைந்துகொண்டிருந்தது பதினெட்டரை மணி நேரம். மிச்சம் பதின்மூன்றேகால் மணி நேரம் தரையில், வரிசையில், பெஞ்சில், டி.எச். ரோட்டில். நேரத்தைக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பங்குபோட்டால், கடைசி 40 கிலோமீட்டரும் முதல் 25-ம்தான் ரொம்ப நீளமானவை.

தேதி மட்டும் மாறவில்லை. கிளம்பிய விமானத்தின் தேதியும் அங்கே போய்ச் சேர்ந்த தேதியும் ஒன்றே. சூரியனைத் துரத்திக்கொண்டே போனால் நாள் இழுபட்டுக்கொண்டே வருகிறது. திரும்பும்போது அந்த வட்டியை வாங்கிவிடுகிறார்கள். சாயங்காலம் ஏறி, நடுவில் ஒரு மதியம் மாதிரி எதையோ பார்த்து, இறங்கினால் மறுநாள் நள்ளிரவு.

அக்டோபரில் நான் போனபோது ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இவர் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவார், அங்கே காலை ஒன்பதரை. நவம்பர் 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கனடாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். வித்தியாசம் பத்தரை ஆகிவிட்டது. அன்றைக்கும் இவர் ஏழுக்குத்தான் கூப்பிட்டார். எட்டரைதான் அங்கே, நிறைமாதக்காரி எழுந்திருக்கவேயில்லை. “நான் கரீட்டாதான் கூப்டேன், உங்க கெடியாரம்தான் ராங்கு” என்றார். உண்மைதானே. நம் ஊர் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. நாம் எல்லாம் 82½ பாகைக்கு வைத்த நேரத்தில் இருக்கிறோம், வருடம் முழுக்க. 1906-க்கு முன்னால் மெட்ராஸுக்கென்று தனி நேரம் இருந்தது, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால், நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்துக் கணக்கு. அந்த ஒன்பது நிமிடத்தை நமக்கு இன்னும் யாரும் திருப்பித் தரவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்தது ரங்கூனில். 1965-இல், எனக்கு மூன்று வயசில், அம்மா என்னையும் ஒரு தகரப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு கப்பலில் மெட்ராஸ் ஹார்பரில் வந்து இறங்கினாள். பர்மாவில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயம். நாலு நாள் கப்பல் என்பாள். வியாசர்பாடியில் குடிசை போட்டோம். எனக்கு அங்கத்து நினைவு ஒன்றும் கிடையாது, அம்மா சாயங்காலம் செய்யும் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைத் தவிர. இந்தக் குளோபை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்கு, சும்மா இருக்கட்டும் என்று சென்னைக்கும் ரங்கூனுக்கும் நடுவில் நூலை வைத்தேன். 1,760 கிலோமீட்டர். டில்லிக்கும் இதே 1,760-தான். விமானத்தில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். அம்மா 2009-இல் போகும் வரைக்கும் அந்த ஊரைத் திரும்பப் பார்க்கவில்லை. டில்லிக்கு நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை டூர் கூட்டிக்கொண்டு மூன்று தடவை போய் வந்திருக்கிறேன். அவளிடம் இதைச் சொல்லியிருந்தால், “டில்லி பக்கத்துலதான் இருக்கு” என்றிருப்பாள்.

இவர் சொல்வார், “நீ ஹார்பர்ல எறங்கன சரக்கு. உன்ன நான்தான் கிரேன்ல எறக்கனேன்.” அவருக்கு அப்போது வயசு ஐந்து.

பேரன் நவம்பர் 26-ஆம் தேதி பிறந்தான். வருகிற மாதம் அவனுக்கு இரண்டு வயசு முடிகிறது. இந்தத் தடவை இவரும் வருகிறார், முதல் விமானம். நாற்பது வருடம் வெளிநாட்டுச் சரக்கை ஏற்றி இறக்கியவர் ஒரு தடவைகூட வெளியே போனதில்லை. ஜன்னல் சீட் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். துபாய் வழி. நூலைவிட 600 கிலோமீட்டர் அதிகம்தான், ஆனால் நடு ஊரில் நடை குறைவு என்று மாப்பிள்ளை சொல்கிறார். இரண்டாவது விமானம் 14 மணி நேரம் என்று நினைக்கும்போது முழங்கால் இப்போதே வலிக்கிறது. சரி, பார்ப்போம்.

நேற்று சாயங்காலம் பெட்டியை உருட்டிக்கொண்டு தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போனோம். வீட்டு மிஷினை நம்பி ஒரு தடவை பட்டது போதும். கடைக்காரர் தராசில் கிடந்த பழைய நோட்டுக் கட்டுகளை நகர்த்திவிட்டு, பெட்டியைத் தூக்கி வைத்தார். 23.9. தொக்கு பாட்டில் உள்ளே, பிளாஸ்டிக் கவர் மூன்று சுற்று சுற்றி, துணிக்கு நடுவில் இருக்கிறது. கருவாடும் இருக்கிறது, இந்தத் தடவை தோற்றுவிட்டேன். எதை எடுப்பது என்று நான் யோசிப்பதற்குள் இவர் அங்கேயே குந்தி, ஜிப்பைத் திறந்து, தன்னுடைய இரண்டு கைலியையும் ஒரு ஸ்வெட்டரையும் உருவி எடுத்தார். அந்த ஊருக்கு ஸ்வெட்டர் இல்லாமல் எப்படி என்று கேட்டேன்.

“மேல போட்டுக்கினு வர்ரேன். அதுக்கு யாரு எட போடறான்?”

தராசு 22.8 காட்டியது.